இயற்கை எழில் பார்க்கப் போனவர்கள்

மரியஜோசப் மாமா தன் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் புக்கெட்டுக்குப் போயிருந்தார். அதுவும் நாலு நாள். பர்மாவில் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க்காக இருந்த காலத்தில், கம்பெனிக்காரர்களே எல்லோரையும் மூட்டை கட்டி அழைத்துப்போய்க் காட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த நாலு நாளை அவர் வருஷக்கணக்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்தால் புக்கெட். சாவு வீட்டில் பெட்டி வந்து சேருவதற்குள் புக்கெட். ஒரு தீவு முழுவதையும் ஒரு மாகாணமாகவே வைத்திருக்கிறான் தாய்லாந்துக்காரன், அப்படியென்றால் அந்த இடத்தின் இயற்கை எழில் எப்படிப்பட்டதாக இருக்கும், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள் என்பார். செத்துக் கிடப்பவரைத் தவிர மற்ற எல்லோரும் யோசித்தாக வேண்டும்.

மக்தலேனா இதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள். சின்ன வயதில் புக்கெட்டும் ஏதேன் தோட்டமும் பக்கத்துப் பக்கத்து ஊர் என்று நினைத்திருந்தாள். பிறகு அவள் அக்கா லதா அங்கே போய், ஒரு ஓட்டலில் படுக்கை விரிப்பு துவைக்கிற வேலையில் சேர்ந்தாள். அதோடு அந்த எண்ணம் போய்விட்டது. மூன்று வருஷத்தில் லதா கடலைப் பார்த்தது இரண்டே தடவை. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு வண்டி ஜன்னல் வழியாக ஒரு தடவை. கல்யாணத்தன்றைக்குப் படம் எடுத்துக்கொள்ள ஒரு தடவை. அவள் அனுப்பிய மற்ற படங்களில் எல்லாம் வெள்ளை விரிப்புகள்தான் மலை மலையாகக் குவிந்திருந்தன. அந்த மலைக்கு மாமா எந்த எழிலும் சொன்னதில்லை.

இப்போது லதாவுக்கு நிறைமாதம். அத்தான் மீன்பிடிப் படகில் ஏறினால் எப்போது கரைக்கு வருவார் என்று கடலுக்குத்தான் தெரியும். அம்மாவுக்கு முட்டி மடங்காது. வீட்டிலிருந்து மாடிப்படி இறங்குவதே அவளுக்கு ஒரு யாத்திரை. ஆகவே பிரசவத்துக்குத் துணையாக மக்தலேனா போகவேண்டும் என்று முடிவாயிற்று. போகிற வழி தெரிந்தவர் குடும்பத்தில் ஒரே ஒருவர்தான். அம்மா தொலைபேசியில் கூப்பிட்டுக் கெஞ்சினாள். மாமா உடனே, இதற்காகவே கர்த்தர் தன்னை இத்தனை நாள் உயிரோடு வைத்திருந்ததுபோலப் பொறுப்பை எடுத்துக்கொண்டார்.

"வெளியூர் போற சின்னப் பிள்ளைங்களை ஏர்போர்ட்லயே மறிக்கிறான் இப்ப. வேலைக்குப் போறேன்னு தெரிஞ்சா அவ்வளவுதான், வந்த வழியே திருப்பி அனுப்பிடுவான். சொந்தக்காரங்க அங்க வேலை பாக்குறாங்கன்னு சொன்னாலும் அதே கதிதான். டூரிஸ்ட்டா போகணும். டூரிஸ்ட்டா போகணும்னா டூரிஸ்ட்டா ஆகணும். நான் ஆக்கிக் காட்றேன்."

ஆக்குவதற்காகப் போட்டத்தாங்கில் இருந்த தன் ஆறாவது மாடி வீட்டில் அவர் வகுப்பு வைத்தார். மின்தூக்கி இல்லாத கட்டடம். மேலே ஏறி வருகிறவர்கள் மூச்சு வாங்குவதை, தன்னிடம் கற்றுக்கொள்ள வந்த ஆர்வம் என்று எடுத்துக்கொண்டார். மக்தலேனாவைத் தவிர, மாவ்பியிலிருந்து வந்த இரண்டு சகோதரிகள், எதற்கெடுத்தாலும் சிரிப்பார்கள். டாலாவிலிருந்து ஆற்றைக் கடந்து வரும் பீர் முகைதீன் பாய். நாற்பது வயதுக்காரர், அங்கே மீன் துறையில் கூடை தூக்கப் போகிறார். ஆக மொத்தம், இயற்கை எழிலோடு யாதொரு சம்பந்தமும் இல்லாத நாலு பேர். மாமா ஐந்தாவது. அவர் ஒருவர்தான் உண்மையாகவே சுற்றிப்பார்க்கப் போகிறவர்.

அத்தையின் தையல் மெஷின்தான் இமிக்ரேஷன் மேஜை. அதற்குப் பின்னால் மாமா நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்துகொள்வார். சுவரில் ஒரு பக்கம் திரு இருதய ஆண்டவர், இன்னொரு பக்கம் நாலு நாள் பயணத்தில் வாங்கிய கடற்கரைப் படம். வெயிலில் வெளுத்து வெளுத்து அந்தக் கடல் இப்போது மோர் நிறத்துக்கு வந்திருந்தது.

"பேரு?"

"மக்தலேனா."

"எதுக்குப் போறே?"

"அக்காவுக்குப் பிள்ளை—"

மாமா மெஷினை ஓங்கித் தட்டினார். ஊசி நடுங்கியது. "அக்கா! எங்கேருந்து வந்தா அக்கா? உனக்கு அக்காவே கிடையாது. பொறந்தது நீ ஒருத்திதான். சொல்லு."

மக்தலேனா திரு இருதய ஆண்டவரைப் பார்த்தாள். அவர் வழக்கம்போல மாமா பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு அக்கா கிடையாது."

சொல்லிவிட்டு, ஆண்டவரைத் தெரியாதென்று மூன்று தடவை சொன்ன சீடனுக்குக் கூவியதுபோல எங்காவது சேவல் கூவுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டாள். ஆறாவது மாடிக்குச் சேவல் சத்தம் எட்டாது. கீழே தெருவில் மீன்குழம்புச் சேமியாவான மோஹிங்கா விற்கிறவள்தான் கூவிக்கொண்டு போனாள்.

"பின்னே எதுக்குப் போறே?"

"இயற்கை எழில் பாக்க."

"பர்மாவுல சொல்லு."

"தபாவ அஹ்லா பாக்க."

"அதை இப்படி, கருவாடு என்ன விலைன்னு கேக்குற மாதிரி சொல்லக் கூடாது. கண்ணுல ஒரு ஏக்கம் வேணும். தபாவ… அஹ்லா!" மாமா கண்களை மூடித் திறந்தார். மாவ்பி சகோதரிகள் ஒருவர் தோளில் ஒருவர் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள்.

பாயின் முறை வந்தது. பாவம், அவருக்கு அந்த வார்த்தை வாயில் நிற்கவில்லை. கடற்கரைகளின் பெயரைக் கேட்டால் மீன் பெயரைச் சொன்னார்.

"டாலாக்காரனைக் கூட்டிட்டு வந்து டூரிஸ்ட் ஆக்கச் சொன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்று மாமா கூரையைப் பார்த்துக் கேட்டார். "சேத்தைத் தவிர வேற என்னத்தைய்யா பாத்திருக்கே நீ?"

"உண்மைதான் ஸயா. நாங்க சேத்துலயே அழகு பாத்துப் பழகிட்டோம்," என்றார் பாய், கொஞ்சமும் கோபமில்லாமல். மாமாவை அவர் ஸயா என்றுதான் கூப்பிடுவார். பள்ளிக்கூட வாத்தியாரைக் கூப்பிடுகிற அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் மாமா சற்று உயர்ந்து உட்கார்வார். நாலு நாள் அடுத்தவன் செலவில் மணலில் நடந்தவனுக்கு இவ்வளவு கொழுப்பா என்று மக்தலேனா நினைத்துக்கொள்வாள். வாய்விட்டுச் சொன்னதில்லை. அவள் வாய்விட்டுச் சொன்னதைவிட நினைத்துக்கொண்டதுதான் எப்போதும் அதிகம்.

கிளம்புவதற்கு முதல்நாள் பை சோதனை. மாமா எல்லோருக்கும் ஆளுக்கொரு வைக்கோல் தொப்பியும், வாத்துத் தலை வைத்த காற்றடிக்கிற நீச்சல் வளையமும் கொடுத்தார். தொப்பிகள் எல்லாம் ஒரே மாதிரி, ஒரே மஞ்சள் நாடா. சந்தையில் மொத்தமாக வாங்கியது.

"ஏர்போர்ட்ல யாருக்கும் யாரையும் தெரியாது. புரியுதா? கூட்டமா போனா சந்தேகப்படுவான். தனித்தனியா நில்லுங்க. என்னையே பாத்தாலும் முகத்தைத் திருப்பிக்கோங்க."

முகத்தைத் திருப்பலாம், தொப்பியை எங்கே திருப்புவது என்று மக்தலேனா நினைத்தாள். சொல்லவில்லை.

பாயின் பையிலிருந்து, ஊறிப் புளித்த மீன் விழுதான ஞப்பிப் பொட்டலம் ஒன்றை மாமா இரண்டு விரலால் தூக்கி வெளியே வைத்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு. ராத்திரி அதே ஞப்பியைத்தான் அத்தை வறுத்துப் போட்டாள் என்பது அந்த வீட்டுச் சுவருக்கெல்லாம் தெரியும். பிறகு மக்தலேனாவின் பைக்கு வந்தார். அடியிலிருந்து ஒரு துணி மடிப்பை உருவினார். வெளிறிப்போன நீலச் சேலை, சதுரம் சதுரமாகக் கிழித்து மடித்தது.

"இது என்ன கந்தை?"

"அம்மாவோட பழைய சேலை. பிள்ளைக்கு."

பிறந்த குழந்தையின் உடம்பில் முதலில் புதுத்துணி படக்கூடாது. வீட்டில் மூத்தவள் உடுத்தி உடுத்திப் பழையதாக்கிய பருத்திதான் படவேண்டும். லதாவுக்கும் அப்படித்தான், மக்தலேனாவுக்கும் அப்படித்தான். அம்மா அந்தச் சேலையை வெந்நீரில் போட்டு, வெயிலில் காயவைத்து, தன் கையாலேயே கிழித்திருந்தாள். கிழிக்கிறபோது முட்டி வலியை மறந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பேத்தியோ பேரனோ, தான் போக முடியாத இடத்துக்குத் தன் சேலையாவது போகட்டும் என்றாள்.

"பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு நெத்தியில எழுதி ஒட்டிக்கோ!" என்றார் மாமா. "எந்த ஊர் டூரிஸ்ட்டுடி கந்தைத்துணியைச் சுமந்துட்டுப் போறா? அங்க போய் நல்லதா, புதுசா வாங்கிக்கோ." சொல்லிக்கொண்டே மேலாக இருந்த ஒரு சதுரத்தை எடுத்து, தையல் மெஷினில் வழிந்திருந்த எண்ணெயைத் துடைத்தார்.

அவர் அதை வேண்டுமென்று செய்யவில்லை. கைக்கு வந்தது, துடைத்தார். அதுதான் மக்தலேனாவுக்குப் பொறுக்கவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால்கூட அவரை ஓர் ஆளாக மதித்து வெறுத்திருக்கலாம்.

மாமா பாயிடம் திரும்பிய சமயத்தில் அவள் மிச்சச் சதுரங்களை வாரி எடுத்தாள். காற்றில்லாமல் தொய்ந்து கிடந்த வாத்து வளையத்துக்குள் வைத்துச் சுருட்டி, பைக்குள் திணித்தாள். எண்ணெய் பட்டதை மாமாவின் இமிக்ரேஷன் மேஜையிலேயே விட்டாள்.

மறுநாள் காலையில் மிங்கலாடோன் பக்கம் மழை தூறிக்கொண்டிருந்தது. விமான நிலையத்துக்குள் ஐந்து பேரும் ஐந்து திசையில் நின்றார்கள். ஒருவரையொருவர் தெரியாது. ஐந்து மஞ்சள் நாடாக்களுக்கு மட்டும் ஒன்றையொன்று நன்றாகத் தெரிந்திருந்தது. மாமா குட்டைக் காற்சட்டையும், தென்னைமரம் அச்சடித்த சட்டையும் போட்டு வந்திருந்தார். மக்தலேனா அவருடைய முழங்காலை அதற்குமுன் பார்த்ததில்லை. பார்க்காமலே இருந்திருக்கலாம்.

தனியாக ஒரு மேஜை போட்டு, பெண் அதிகாரி ஒருவர் ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டிருந்தார். மாவ்பி சகோதரிகள் முதலில் போனார்கள். கேட்டதற்கெல்லாம் சிரித்தார்கள். உண்மையான சுற்றுலாக்காரர்கள் அப்படித்தான் காரணமில்லாமல் சிரிப்பார்கள் போலிருக்கிறது. அதிகாரி சலித்துப்போய் அனுப்பிவிட்டார்.

அடுத்தது பாய். எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டதும் பாய் கண்ணை மூடினார். மாமா சொல்லிக்கொடுத்த ஏக்கத்துக்காகத்தான் மூடினார். மூடிய இடத்தில் வார்த்தை தொலைந்துபோயிற்று. "தபாவ…" என்றார். மறுபடியும் "தபாவ…" என்றார். கடைசியில் தொப்பியைக் கழற்றி அதற்குள் பார்த்தார். அதிகாரி சுவரோரமாக இருந்த பெஞ்சைக் காட்டினார். பாய் போய் உட்கார்ந்தார்.

பிறகு அதிகாரி வரிசையை ஒருமுறை முழுதாகப் பார்த்தார். முக்கியமாகத் தலைகளைப் பார்த்தார்.

"நீயும் தபாவ அஹ்லாதானா?" என்று பர்மியத்தில் கேட்டார்.

"ஆமாம் ஸயாமா," என்றாள் மக்தலேனா. பெண் அதிகாரியை அப்படித்தான் கூப்பிடவேண்டும் என்பது மாமா சொல்லிக்கொடுத்த ஒரே உருப்படியான விஷயம்.

"இன்று காலையிலிருந்து எத்தனை பேருக்கு எழில் மேல் ஆசை வந்திருக்கிறது பார். சரி, அங்கே உனக்கு யாராவது இருக்கிறார்களா? சொந்தக்காரர்கள்?"

"இல்லை."

இது இரண்டாவது தடவை. அந்த ஊரில் லதா இதே நேரத்தில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு அடுத்தவர் படுத்த விரிப்புகளை உதறிக்கொண்டிருப்பாள்.

"பையைத் திற."

திறந்தாள். சோப்புப் பெட்டி, சீப்பு, இடுப்பில் கட்ட இரண்டு லோஞ்சி, ஜெபமாலை. அதிகாரி வாத்தின் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார். வளையம் விரிந்துகொண்டது. அதற்குள்ளிருந்து வெளிறிய நீலச் சதுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேஜையில் விழுந்தன. வாத்து முட்டையிட்டதுபோல.

வரிசையில் பின்னால் நின்ற மாமா, தெரியாதவர் என்பதை மறந்து, "ஐயோ, கெட்டுது!" என்றார் தமிழில்.

அதிகாரி ஒரு சதுரத்தை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். "சுற்றுலாவுக்குக் கந்தைத்துணி எதற்கு? யாருக்கு இது?"

மாமாவின் வகுப்பில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. மக்தலேனா தேடிப் பார்த்தாள். கடற்கரைகளின் பெயர்கள் எல்லாம் தயாராக நின்றன, ஒன்றுக்கும் உதவாமல். அவற்றைக் கற்றுக்கொண்ட ஒவ்வொரு சாயங்காலமும் அவளுக்கு அவமானமாக இருந்தது. அம்மாவின் சேலை மேஜைமேல் மல்லாந்து கிடக்க, இன்னொரு தடவை 'அக்கா இல்லை' என்று சொல்ல வாய் வரவில்லை.

"என் அக்கா பிள்ளைக்கு," என்றாள். "அக்கா அங்கே ஓட்டலில் துணி துவைக்கிறாள். இந்த வாரம் பிரசவம். அவளோடு யாரும் இல்லை. இது எங்கள் அம்மா சேலை. எனக்கு எழில் ஒன்றும் பார்க்க வேண்டாம் ஸயாமா."

"அக்கா இல்லை என்றாயே இப்போது?"

"பொய் சொன்னேன்."

"கூப்பிடு அவளை. முகம் தெரிகிற மாதிரி."

லதா உடனே எடுத்தாள். பின்னால் வெள்ளை மலை. "ஏய் மக்தா, பிளேன் ஏறிட்டியாடி? எனக்கு இடுப்பு கழண்டு விழுந்துடும் போல இருக்கு. அம்மா சேலை கொண்டு வர்றியா? மாமா தொல்லை தாங்குதா?" என்று மூச்சுவிடாமல் தமிழில் பொழிந்தாள். அதிகாரிக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. அவர் பர்மியத்தில் எழுந்து நில் என்றதும் லதா வெலவெலத்து எழுந்தாள். திரை முழுக்க வயிறு.

அதிகாரி சதுரங்களைத் தானே அடுக்கி மடித்தார்.

"நாலு நாளில் திரும்புகிறதாக டிக்கெட் இருக்கிறதே. அதற்குள் பிறக்குமா?"

"பிறக்காவிட்டால் டிக்கெட்டை மாற்றுவேன். திரும்பி வருவேன் ஸயாமா. எங்கள் அம்மாவால் நடக்க முடியாது. அவளுக்கும் நான்தான்."

"எங்கள் வீட்டிலும் புதுத்துணி போடமாட்டார்கள்," என்றார் அதிகாரி, யாரிடமோ சொல்வதுபோல. முத்திரை விழுந்தது. "போ. அந்தத் தொப்பியைக் கழற்றிவிட்டுப் போ. பார்க்கச் சகிக்கவில்லை."

மக்தலேனா பையை மூடிக்கொண்டு உள்ளே திரும்பினாள். அதற்குள் மாமா மேஜைக்கு முன்னால் வந்துவிட்டார். அவரை யாரும் கேட்கவேயில்லை, அவராகவே ஆரம்பித்துவிட்டார். தபாவ அஹ்லா, வெள்ளை மணல், மாலைச் சூரியன் கடலில் இறங்குகிற மேடு, ஒவ்வொரு கடற்கரைக்கும் பெயர், அதற்குப் போகிற வழி. இத்தனை வருஷம் கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் செய்த ஒத்திகை முழுவதும் வெளியே வந்தது. அவருடைய கண்ணில் ஏக்கம் நிஜமாகவே இருந்தது. அந்த வரிசையில் பொய் சொல்லாத ஒரே ஆள் அவர்தான்.

அதிகாரி அதை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "ஸயா, இந்தத் தொப்பிகளை யார் வாங்கியது?" என்றார்.

தன் ரசனையைப் பற்றி ஒருவர் கேட்டபின் மாமாவால் சும்மா இருக்க முடியுமா? "நான்தான் வாங்கினேன்," என்றார். சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது.

"ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்து ஏற்றி அனுப்புகிறவர் நீங்கள்தானா?"

"ஐயையோ, அப்படியெல்லாம் இல்லை ஸயாமா! நான் கிளார்க்! ரிட்டையரான கிளார்க்!" மாமா சுற்றுமுற்றும் பார்த்தார். வாசலைத் தாண்டிக்கொண்டிருந்த மக்தலேனா கண்ணில் பட்டாள். "மக்தா! ஏ பிள்ளை! சொல்லும்மா, நான் உன் மாமான்னு சொல்லு!"

அதிகாரி அவளைக் கூப்பிட்டார். "இந்த ஆளைத் தெரியுமா உனக்கு?"

மக்தலேனா மாமாவைப் பார்த்தாள். தென்னைமரச் சட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. கையில் அவருக்கென்று வாங்கிய வாத்து. தெரியும் என்றால் முத்திரை விழுந்த பாஸ்போர்ட் மறுபடி மேஜைக்குப் போகும். அது ஒரு காரணம். அது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அது பொய். தையல் மெஷினில் எண்ணெய் வழிந்த இடமும் அவள் கண்முன் வந்தது.

"ஏர்போர்ட்டில் எனக்கு யாரையும் தெரியாது ஸயாமா," என்றாள்.

மாமா வாயைத் திறந்தார். அது அவர் கற்றுக்கொடுத்த வாக்கியம்தான். ஏக்கத்தோடு சொல்லவில்லை என்று திருத்தக்கூட அவருக்கு வழியில்லை.

சேவல் கூவவில்லை. புக்கெட் விமானத்தில் ஏறச் சொல்லி அறிவிப்புக்காரிதான் கூவினாள். மக்தலேனா திரும்பிப் பார்த்தபோது சுவரோர பெஞ்சில் இரண்டு மஞ்சள் நாடாக்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பாய் நகர்ந்து உட்கார்ந்து மாமாவுக்கு இடம் விட்டார். "உக்காருங்க ஸயா. இங்கேருந்து மழை நல்லாத் தெரியுது," என்று அவர் சொன்னது கேட்டது.

விமானம் இறங்குகிறபோது ஜன்னல் வழியாகத் தீவுகள் தெரிந்தன. பச்சை, அதைச் சுற்றி ஒரு வெளிர்நீலம், அதைச் சுற்றி இன்னொரு நீலம். மாமாவின் படம் வெளுப்பதற்கு முன்னால் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அழகாகத்தான் இருந்தது. அதற்காக அவள் அவரை மன்னித்துவிடவில்லை.

லதாவுக்கு அடுத்தநாளே பெண் பிறந்தது. அம்மாவின் சேலையில் சுற்றியதும் அழுகை நின்றது; எப்படியும் நிற்கிற நேரம்தான் அது என்று லதா சொன்னாள், சொல்லிவிட்டுத் தானே அழுதாள்.

"வர்ற வழியில கடல் பாத்தியாடி?"

"பாத்தேன். சும்மா தண்ணி."

மாமாவையும் பாயையும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று அம்மா சொல்லியிருந்தாள். லதா எழுந்து நடமாடும்வரை இருக்க மக்தலேனா டிக்கெட்டை மாற்றிக்கொண்டாள். ஒரு வாரம் மாமாவிடமிருந்து பேச்சே இல்லை. பிறகு ஒருநாள் தொலைபேசியில் அவரிடமிருந்து ஒரு வரி வந்தது. பிள்ளை நலமா என்று கேட்கவில்லை. ஏன் தெரியாதென்று சொன்னாய் என்றும் கேட்கவில்லை. 'இயற்கை எழில் எப்படி இருக்கிறது? ஒரு படம் அனுப்பு,' அவ்வளவுதான்.

மக்தலேனா லதாவின் அறைக்குப் பின்னால் போனாள். சலவைக்கூடத்துக் கொடியில் நீலச் சதுரங்கள் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றைப் படம் எடுத்து அனுப்பினாள்.

'கடல் எங்கே?' என்று கேட்டார் மாமா.

'துணிக்குப் பின்னால இருக்கு மாமா,' என்று எழுதிவிட்டு, காய்ந்ததை எடுக்கப் போனாள்.